பழைய தோட்ட டிராக்டர்: கப்ளிங் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய சின்ன டிராக்டரை வாங்கித் தாங்களே பழுது பார்க்கிற இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். முந்திரித் தோப்பில் மரங்களுக்கு நடுவே பெரிய வண்டி திரும்பாது, சின்னது திரும்பும். ஆசை நியாயமானதுதான். ஆனால் டிரைவ் ஷாஃப்ட் கப்ளிங் என்று வந்துவிட்டால் நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தைத்தான் இவர்களும் செய்கிறார்கள். இன்ஜின் ஓடும்போது கை வைக்காதே, கழற்றிய போல்ட்டைத் தொலைக்காதே என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பேனரையே தொட வேண்டாம்.

எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1960களில் அமெரிக்காவில் விற்ற கப் கேடட் மாதிரியான வண்டிகளில், கிளட்சிலிருந்து ஒரு ஷாஃப்ட் நேராகப் பின்னால் போய் கியர்பாக்ஸோடு சேரும். சேருகிற இடத்தில் இந்த ஷாஃப்டையும் கியர்பாக்ஸ் ஷாஃப்டையும் இணைக்கிற உறை மாதிரியான துண்டுதான் கப்ளிங். அதைப் பிடித்து வைத்திருப்பது குறுக்கே அடித்த ரோல் பின், அதாவது ஸ்பிரிங் தகட்டைச் சுருட்டிச் செய்த சின்னக் குழல் மாதிரியான பின். கிளட்சை விடும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தாலோ, ஷாஃப்டைக் கையால் திருப்பும்போது கப்ளிங் உடனே திரும்பாமல் கொஞ்சம் பொறுத்துத் திரும்பினாலோ, பின் தேய்ந்துவிட்டது, இல்லை ஓட்டை விரிந்துவிட்டது என்று அர்த்தம்.

வெல்டிங் வைப்பது

“அண்ணே, பின் நிக்கவே மாட்டேங்குது. சுத்தி ஒரு வெல்டிங் வெச்சுட்டா போதும்ல?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கேட்டுவிட்டு வைத்தாலாவது பரவாயில்லை. பாதிப் பேர் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பண்ருட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் ஒரு வண்டியைச் சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு வந்தார். கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சுற்றி வெல்டிங் வைத்து, மேலே கறுப்பு பெயின்ட் வேறு அடித்திருந்தது. ஒரு போகம் நன்றாகத்தான் ஓடியதாம். மணிலா (வேர்க்கடலை) கொல்லையில் கலப்பையோடு திரும்பும்போது படாரென்று ஒரு சத்தம். ஷாஃப்ட் முறிந்து, முறிந்த முனை சுற்றிய சுற்றில் பக்கத்திலிருந்த டீசல் குழாயையும் சேர்த்துக் கிழித்துவிட்டது.

“வெல்டிங் விடலைண்ணே, பாருங்க, அப்படியே இருக்கு” என்றார். உண்மைதான், வெல்டிங் விடவில்லை. அதை ஒட்டினாற்போல ஷாஃப்ட் போயிருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துக் காட்டினேன். ஓரத்தைச் சுற்றி வளையமாகக் கறுத்து, வழவழப்பாக இருந்தது. நடுவில் மட்டும் சர்க்கரை உடைத்த மாதிரிப் பளபளவென்று பொடி மணி. கறுத்த பகுதி எப்போதோ விரிசல் விட்டு, மெல்ல உள்ளே போய்க்கொண்டிருந்த இடம். நடுவில் மிச்சமிருந்த துளிதான் அன்றைக்கு முறிந்தது. ஆக, அந்த வண்டி கொல்லையில் ஓடிய நாளெல்லாம் விரிசலோடுதான் ஓடியிருக்கிறது.

காரணம் இரும்பில் இருக்கிறது. ஷாஃப்ட் சாதாரண இரும்புக் கம்பி இல்லை. நம்மூர் லேத் பட்டறைகளில் ஷாஃப்டுக்குப் போடுகிற இஎன் 8 ரகத்திலேயே சுமார் 0.4 சதவீதம் கார்பன் உண்டு. முன்கூட்டிச் சூடேற்றாமல் இதன் மேல் வெல்டிங் ராடை வைத்து இழுத்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி சட்டென்று ஆறி, இறுகி, நொறுங்குகிற தன்மைக்கு வந்துவிடும். அதோடு சூட்டில் ஷாஃப்ட் ஒரு பக்கம் இழுத்து லேசாக வளையும். வளைந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் அந்த நொறுங்கல் இடத்தையே மடக்கிக்கொண்டிருக்கும்.

வண்டியிலேயே வைத்து வெல்டிங் அடித்தால் சேதம் இன்னும் கூடுதல். எர்த் கிளாம்பைச் சேஸில் மாட்டிவிட்டு ஷாஃப்டில் ராடை வைத்தால், கரன்ட் கியர்பாக்ஸ் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். குண்டிலும் அது ஓடும் தடத்திலும் பொடிப் பொடியாகக் குழி விழும். பேரிங் கொஞ்ச நாளில் ஊளையிட ஆரம்பிக்கும்போது யாரும் வெல்டிங்கைச் சந்தேகப்படுவதில்லை. பக்கத்திலேயே இருக்கிற ஆயில் சீல் சூட்டில் கருகி, ஆயில் கசிவது தனிக் கதை.

இதையெல்லாம் விடுங்கள். நாளைக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டும் என்றால் எப்படிக் கழற்றுவீர்கள்? பின்னைத் தட்டி எடுத்து, கப்ளிங்கை நகர்த்தினால்தான் ஷாஃப்ட் வெளியே வரும். வெல்டிங் வைத்த வண்டியில் கட்டிங் மெஷினை எடுத்து அறுக்க வேண்டியதுதான். ஷாஃப்டும் போச்சு, கப்ளிங்கும் போச்சு. பத்து, இருபது ரூபாய் பின்னுக்குப் பதிலாக இது. வெல்டர் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். வைக்கச் சொன்னார்கள், அவர் வைத்தார்.

ஓட்டை விரிந்துவிட்டால் செய்ய வேண்டியது வேறு. கப்ளிங்கையும் ஷாஃப்டையும் சேர்த்துப் பிடித்து, ஓட்டையை அடுத்த அளவுக்கு ரீமர் (ஓட்டையைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) போட்டு, அந்த அளவு பின் அடிக்கலாம். அதற்கு இடமில்லாத அளவுக்கு முட்டையாகிவிட்டால், பழைய ஓட்டையிலிருந்து 90 டிகிரி திருப்பி, கொஞ்சம் தள்ளிப் புது ஓட்டை போடலாம். ஷாஃப்டே தேய்ந்திருந்தால் புது ஷாஃப்ட் கடைந்துகொள்வதுதான் வழி.

6 மில்லி பின்னைப் போடுவது

அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளெல்லாம் அங்குலக் கணக்கு. கால் அங்குலம் என்றால் 6.35 மில்லி. கடையில் 6 மில்லி கொடுப்பார்கள், “சேரும் சார்” என்பார்கள். அது லேசாகத் தட்டினாலே உள்ளே போய்விடும். சுலபமாகப் போனதே என்று சந்தோஷப்படாதீர்கள். ரோல் பின் சுத்தியலால் அடித்து, இறுகித்தான் உள்ளே போக வேண்டும். இறுக்கம் போதாத பின்தான் ஆடி ஆடி ஓட்டையைப் பெரிதாக்கும்.

பின்னுக்குப் பதில் போல்ட்

இதுவும் அதே வகைதான். ரோல் பின் ஓட்டைச் சுவரை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும். போல்ட் அழுத்தாது, உள்ளே ஆடும். அதிலும் மரை உள்ள பகுதி ஷாஃப்டும் கப்ளிங்கும் சந்திக்கிற இடத்தில் விழுந்தால், அங்கேயே அறுந்துவிடும்.

கழற்றிய பின்னையே திரும்பப் போடுவது

போடாதீர்கள்.

நேர் பார்க்காமல் மாட்டுவது

புதுக் கப்ளிங் போட்டும் மறுபடி பின் அறுகிறது என்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறது. பின் அடிக்கும் முன் கப்ளிங்கைக் கையால் இரண்டு ஷாஃப்ட் மேலும் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் சிக்கினால் இரண்டு ஷாஃப்டும் ஒரே நேரில் இல்லாமல் இருக்கலாம். துருவா, பிசிறா என்று முதலில் பாருங்கள். கடற்கரை ஊரில் துரு தாராளமாகவே இருக்கும். அதை எமரி தாளால் தேய்த்த பிறகும் சிக்கினால் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள். ரப்பர் மவுன்ட் உள்ள வண்டியானால் ரப்பர் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரப்பர் கப்ளிங்கில் கிரீஸ்

வேண்டாம். ரப்பர் ஊறி உப்பிப்போகும்.

கியரில் நிறுத்திவிட்டு ஷாஃப்டைக் கழற்றுவது

ஷாஃப்ட் கழன்றுவிட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே கிடையாது, கியர் எதையும் பிடிக்காது. கேப்பர் மலைச் சரிவு மாதிரியான இடத்தில் வண்டி தானாகக் கிளம்பிவிடும். நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டு அடியில் போங்கள்.

வெடுக்கென்று இழுப்பது

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, விழுந்த முந்திரியையும் பலாவையும் சின்ன வண்டியில் சங்கிலி கட்டி இழுத்தவர்கள் இங்கே நிறைய. சங்கிலி தொய்வாக இருக்கும்போதே கிளட்சைப் படக்கென்று விட்டால், அந்த அதிர்ச்சி முழுவதும் வந்து விழுவது பின் மேல்தான். முதல் கியரில் மெதுவாக நகர்த்தி, சங்கிலி விறைத்த பிறகு இழுங்கள். அசையாத மரத்தை விட்டுவிட்டு ரம்பத்தை எடுங்கள்.

லேத்துக்கு ஷாஃப்டை மட்டும் கொண்டுபோவது

கப்ளிங், புதுப் பின் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அங்கேயே பின்னை அடித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.