மங்குக்கு மருந்து போடும்போது நேரும் தவறுகள்

முகத்தில் மங்கு, அதாவது கருந்திட்டு, விழுந்தவர்களுக்குப் புதிதாக மருந்து எழுதத் தொடங்கும் இளம் மருத்துவர்கள், நாங்கள் பயிற்சிக் காலத்தில் செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள். அவற்றின் பலனை அனுபவிப்பவர்கள் நோயாளிகள். வெயிலில் அலையக் கூடாது என்பது போன்ற, எல்லாரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கெடு எழுதாத மருந்துச்சீட்டு

நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், மேல்தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினாயின், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு நல்ல மருந்துதான். 1975இல் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிசும் வெளியிட்ட கலவையின் வழிவந்தது. ஆனால் அதை இரவில், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களே பூச வேண்டும். "இரவில் பூசவும்" என்று எழுதிவிட்டு, எதுவரை என்று எழுதாமல் அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

அப்படியொரு சீட்டுடன் போன பெண் ஒருவர், முகம் வெளுத்ததில் மகிழ்ந்து, முகம் முழுவதும் பூசத் தொடங்கி, அதே சீட்டைக் காட்டித் தீபாவளியிலிருந்து ஆடிவரை வாங்கியிருக்கிறார். தங்கைக்கும் ஒரு டியூப் கொடுத்திருக்கிறார். என்னிடம் வந்தபோது கன்னத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிந்தன, தாடையில் பூனைமுடி தடித்திருந்தது, அடுப்பருகே நிற்க முடியாத எரிச்சல் வேறு. நிறுத்தினால் முகம் சிவந்து பொரிப்பொரியாகக் கிளம்பும், அதற்குப் பயந்து மீண்டும் பூசுவார். மங்கோ முன்பைவிடக் கருத்திருந்தது. ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசுபவர்களுக்குத் தோலில் நீலம் கலந்த கருமை படிவதும் உண்டு. அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடக் கடினம். ஸ்டீராய்டு களிம்புகளுக்கு 2018இல் மருந்துச்சீட்டு கட்டாயமாக்கப்பட்ட பிறகும், பெயரைச் சொன்னாலே எடுத்துக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

எல்லாக் கருமையையும் மங்கு என்பது

பின்கழுத்தும் அக்குளும் தடித்துக் கருத்திருந்தால், அது பெரும்பாலும் உடல் எடை கூடியதையும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததையும் காட்டுகிறது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால் இன்னும் கருக்கும். முதலில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

மங்குக்கு எலுமிச்சைச் சாறு பூசுவது

வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கருத்துவிடும்.

நிறமில்லாத சன்ஸ்கிரீன்

புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்கச் செய்யும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீனே மங்குக்கு ஏற்றது. விலை சற்றுக் கூடுதல்தான்.

வெளிறிய திட்டைத் தேமல் என்று விட்டுவைப்பது

வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று உடனே பார்த்தாக வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.