ஸ்கை விளையாட்டில் விழாமல் பறப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

துப்பாக்கி வேண்டாம், வாள் வேண்டாம், ஆனால் பறக்க வேண்டும். அக்கா மகள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். தேடிப் பார்த்து அவளுடைய டேப்லெட்டில் ‘ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட்’ விளையாட்டை இறக்கிக் கொடுத்தேன். அவளுக்குச் சொல்லித் தருவதற்காக என் போனிலும் ஏற்றினேன். இரண்டே நாளில் அவள் மேகத்துக்கு மேலே போய்விட்டாள். நான் புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மாலைகள் முட்டி மோதிய பிறகுதான் எங்கே தவறு செய்கிறேன் என்று பிடிபட்டது. அந்த இடத்தில் நீங்களும் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஜெனோவா சென்னின் தட்கேம்கம்பெனி உருவாக்கியது. 2009இல் ‘ஃபிளவர்’, 2012இல் ‘ஜர்னி’ தந்த அதே குழு. ஸ்கை 2019இல் ஐபோனுக்கும், 2020இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இப்போது ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், கணினி எல்லாவற்றிலும் உண்டு. இலவசம். இணையம் இல்லாமல் ஓடாது. தோளில் தொங்கும் மேலங்கி (கேப்) அணிந்த ஒரு சின்னக் குழந்தை நீங்கள். ஏழு உலகங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுவது, பறப்பது, தொலைந்துபோன ஸ்பிரிட்களை (ஆவிகளை) வானத்துக்கு அனுப்புவது, இவைதான் வேலை.

படி 1: கணக்கை இணைத்துவிடுங்கள்

விளையாட்டைத் திறந்ததும் விருந்தினராகவே நுழையலாம். நுழையாதீர்கள். அப்படி நுழைந்திருந்தால், இன்றைக்கே அமைப்புகளுக்குப் போய் கூகுள், ஆப்பிள் என ஏதாவது ஒரு கணக்கோடு இணைத்துவிடுங்கள். போன் உடைந்தால் விருந்தினர் கணக்கு அதோடு போச்சு. சேர்த்த மெழுகுவர்த்தி (இந்த விளையாட்டின் காசு அதுதான்) மட்டுமல்ல, கிடைத்த நண்பர்களும் போய்விடுவார்கள்.

படி 2: இரண்டு கட்டைவிரல்

போனில் ஒரே கையால் ஆடும் முறை, இரண்டு கையால் ஆடும் முறை என இரண்டு உண்டு. இரண்டு கை முறையைத்தான் எடுக்கச் சொல்வேன். இடது கட்டைவிரல் நடக்கவும் திரும்பவும், வலது கட்டைவிரல் பார்வையைத் திருப்பவும் குதிக்கவும். ஒற்றைக் கை முறை நடப்பதற்குச் சரி. பறக்கும்போது திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தால் விரல் போதாது.

இயர்போன் கட்டாயம் போடுங்கள். இசை நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பின்னால் வரும் ஆபத்தை இந்த விளையாட்டில் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும்.

படி 3: பறத்தல்

இங்கேதான் நான் நான்கு நாள் தவித்தேன். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

திரையில் இருக்கும் உங்கள் குழந்தையின் முதுகைப் பாருங்கள். கேப்பில் சின்னச் சின்ன விண்மீன்கள் மின்னும். ஒரு தடவை சிறகடித்தால் ஒன்று அணையும். எல்லாம் அணைந்தபின் பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் மேலே போக முடியாது. மெல்ல இறங்கத்தான் முடியும். தொடக்கத்தில் ஒன்றோ இரண்டோ விண்மீன்தான் இருக்கும். நான் செய்தது என்ன? தலைக்கு மேலே ஒரு மிதக்கும் தீவு தெரிந்தது. நேர் கீழே நின்றுகொண்டு படபடவென்று அமுக்கினேன். இரண்டு ஆள் உயரம் போய் இறங்கினேன். திரும்ப ஒளி ஏற்றிக்கொண்டு வந்து, திரும்ப அமுக்கினேன்.

அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மாமா, சும்மா சும்மா அமுக்காதீங்க. கீழ இருந்து போக முடியாது. சுத்திப் போங்க.”

அவள் சொன்னதுதான் முழு விஷயமும். இந்த விளையாட்டில் உயரத்தைச் சிறகடித்து வாங்கினால் விலை அதிகம். குன்று ஏறி, மேகம் பிடித்து, வேகம் சேர்த்து வாங்கினால் மலிவு.

இன்னொன்றும் உண்டு. பறக்கும்போது இரண்டு விதமாகப் பறக்கலாம்: ஓரிடத்தில் நின்று மிதப்பது ஒன்று, முன்னோக்கிச் சறுக்குவது மற்றொன்று. மாற்றுவதற்கான பொத்தான் பறக்கும்போது திரையில் வரும். மிதக்கும் நிலையில் ஒவ்வொரு சிறகடிப்பும் நேராக மேலே தூக்கும், வேகம் சேராது. சறுக்கும் நிலையில் அதே ஒரு சிறகடிப்பு உங்களை வெகுதூரம் கொண்டுபோகும். நான் நான்கு நாளும் மிதக்கும் நிலையிலேயே இருந்திருக்கிறேன். மிதப்பது இறங்குவதற்கு, ஒரு பாறை நுனியில் துல்லியமாகக் கால் வைக்க உதவும். ஊர் போய்ச் சேரச் சறுக்கல்தான்.

பழக நல்ல இடம் டேலைட் ப்ரேரி. ஐல் ஆஃப் டான் முடிந்ததும் வரும் இரண்டாவது உலகம். பச்சைப் புல்வெளி, பட்டாம்பூச்சிகள், பயப்பட எதுவும் இல்லை. அங்கே இப்படிச் செய்யுங்கள்:

எரியும் விளக்கு ஒன்றின் பக்கத்தில் நில்லுங்கள். கேப்பின் விண்மீன்கள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். பிறகு பக்கத்தில் உள்ள மேட்டில் நடந்தே ஏறுங்கள். ஒரு விண்மீனும் செலவாகாது.

உச்சியிலிருந்து ஓடிக் குதித்து, சறுக்கும் நிலைக்கு வாருங்கள். வலது கட்டைவிரலைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். நிஜமாகவே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது தானாக அமுக்கும்.

இப்போது தலையைக் கீழே சாயுங்கள். தரை வேகமாக வரும், கேப் படபடக்கும், காற்றின் சத்தம் ஏறும். புல் நுனி தெரிகிற அளவுக்கு வந்ததும் மெதுவாக நிமிருங்கள். சேர்ந்த வேகம் உங்களை மறுபடி மேலே இழுத்துப்போகும். ஊஞ்சலில் கீழே வந்து எதிர்ப்பக்கம் ஏறுவோமே, அதே மாதிரி. ஏற்றம் தளர்ந்து, இனி இறக்கம்தான் என்கிற நொடியில் ஒரே ஒரு சிறகடிப்பு. அதற்கு முன்னால் அடித்தால் பாதி வீண்.

எதிரே வெண்மேகம் தெரிந்தால் அதற்குள் புகுந்துவிடுங்கள். அணைந்த விண்மீன்கள் ஒவ்வொன்றாக மறுபடி எரியும். அங்கிருந்து அடுத்த தீவு. முதன்முறை அந்த மேகத்திலிருந்து வெளியே வந்து, நான் அண்ணாந்து பார்த்த அதே தீவைக் காலுக்குக் கீழே பார்த்தபோது போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

மேகம் இல்லாத இடத்தில் பறவைக் கூட்டமோ மன்டா மீன் போன்ற பெரிய ஒளி உயிரோ இருந்தால் அதை உரசிப் போனாலே ஒளி ஏறும். நின்றுகொண்டு குரல் கொடுத்தும் வரவழைக்கலாம். குரல் பொத்தானைத் தட்டிவிட்டு விடாமல், சற்று நேரம் அழுத்திப் பிடித்து விடுங்கள்.

சேர்ப்பு: தலையைச் சாய்த்தால் மேலே போகிறது, தூக்கினால் கீழே போகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தவறு உங்கள் மேல் இல்லை. விமானம் ஓட்டும் விளையாட்டுகளுக்குப் பழகியவர்களுக்கு ஒரு திசை, மற்றவர்களுக்கு எதிர்த்திசை இயல்பாக வரும். அமைப்புகளில் மேல்-கீழ் திருப்பிப் போடலாம். மாற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க அதிலேயே ஆடுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் கை குழம்பிவிடும்.

படி 4: விண்மீன்களைக் கூட்டுங்கள்

அங்கங்கே ஒளிரும் சின்னக் குழந்தை உருவங்கள் நிற்கும். விங்டு லைட் என்று பெயர். தொட்டு எடுத்தால் உங்கள் கணக்கில் சேரும். 1 எடுத்தால் ஒரு விண்மீன், 2 ஆனால் இரண்டு, 5 ஆனால் மூன்று, 10 ஆனால் நான்கு, 20 ஆனால் ஐந்து. நான்கு விண்மீன் வரும்வரை ப்ரேரியை விட்டு நகராதீர்கள் என்பது என் கருத்து. ஒன்றிரண்டோடு அடுத்த உலகமான ஹிடன் ஃபாரஸ்ட்டுக்குப் போனால் மனம் விட்டுப்போகும். அங்கே எப்போதும் மழை. மழையில் நனைய நனைய ஒளி கரையும். மரப்பொந்து, கூரை, விளக்கு என்று ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும்.

படி 5: தெரியாதவர் கை

வழியில் கறுப்பு நிழலாகத் தெரிபவர்கள் நிஜ மனிதர்கள். மெழுகுவர்த்தியை நீட்டினால், அவரும் நீட்டினால், இருவர் முகமும் தெரியும். நட்பானபின் அவர் கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அவர் பறக்கும் இடமெல்லாம் நீங்களும் பறப்பீர்கள், எதையும் தொட வேண்டாம். அருகருகே இருந்தாலே ஒருவர் ஒளி மற்றவருக்கு ஏறும். ஐந்து நாளில் நானாகத் தேடிக் கண்டுபிடித்ததைவிட, எந்த நாட்டவர் என்றே தெரியாத ஒருவர் அரை மணி நேரத்தில் எனக்குக் காட்டியது அதிகம். போகும்போது குனிந்து வணங்கிவிட்டுப் போனார். நானும் அதே வணக்கத்தைத் தேடி எடுத்துச் செய்வதற்குள் மறைந்துவிட்டார்.

உங்களுக்குப் போக விருப்பமில்லை என்றால் கையை விட்டுவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 6: நம் கடிகாரம்

வழிகாட்டிகளில் நேரம் எல்லாம் அமெரிக்க மேற்குக் கரைக் கணக்கில் இருக்கும். அங்கே நள்ளிரவு ஆனால் விளையாட்டில் புது நாள். மெழுகுவர்த்திகள் மறுபடி முளைக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது பகல் 12.30. காலையில் ஒரு சுற்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சுற்று என ஆடினால் இரண்டு நாள் மெழுகு ஒரே பகலில் கிடைக்கும்.

ப்ரேரியின் சாங்க்சுவரி ஐலண்ட்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரூற்று பொங்கி மெழுகு தரும். “இரட்டைப்படை மணி தாண்டி 5 நிமிடம்” என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அரை மணி தள்ளி வரும்: 12.35, 2.35, 4.35. ஹிடன் ஃபாரஸ்ட்டில் ‘பாட்டி’ என்கிற ஸ்பிரிட் மெழுகு கிடைக்கும் விருந்து வைப்பது அதிலிருந்து அரை மணி கழித்து, 1.05, 3.05 என்று. நான் ஒரு வாரம் சரியாக 2.05க்குப் போய் நின்று, காலி மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சேர்ப்பு: நவம்பரில் இருந்து நேரம் ஒத்துவரவில்லை என்று இரண்டு பேர் சொன்னார்கள். அமெரிக்காவில் குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடு வரை எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். புது நாள் 1.30, நீரூற்று 1.35, 3.35. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இந்த அரை மணிக் குழப்பம் இல்லை. கோடையில் புது நாள் சரியாகப் பிற்பகல் 3 மணி, குளிர்காலத்தில் 4.

கோல்டன் வேஸ்ட்லேண்ட், ஈடன் பற்றி

இந்த விளையாட்டில் சண்டை இல்லை, அது உண்மை. அடிக்க ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ஆனால் கோல்டன் வேஸ்ட்லேண்ட் என்ற உலகத்தில் க்ரில் என்ற பெரிய இருண்ட உயிர் சுற்றும். அதன் வெளிச்சம் உங்கள் மேல் பட்டுச் சிவந்தால் பாய்ந்து வரும். மோதினால் விங்டு லைட்கள் சிதறும். சிவப்பைப் பார்த்ததும் கூரையோ குழாயோ எதற்காவது கீழே நுழைந்துவிடுங்கள். பறக்காதீர்கள், பறந்தால் அதுதான் ஜெயிக்கும். சிதறியவற்றை உடனே போய்ப் பொறுக்கினால் திரும்பக் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் ஆடினால் இந்த இடத்தில் பக்கத்தில் இருங்கள். அக்கா மகள் இங்கே மட்டும் டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள்.

கடைசி இடமான ஐ ஆஃப் ஈடனைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே நீங்கள் சேர்த்த விங்டு லைட்களை ஒவ்வொன்றாகக் கல்லாகிப்போன குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவீர்கள். கேப் சிறுத்துவிடும். பதறாதீர்கள், பழைய இடங்களில் அவை மறுபடி எடுக்கக் கிடைக்கும். ஞாயிறு பகல் 12.30க்கு அந்த வாரக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதால், நாங்கள் இருவரும் ஞாயிறு சாப்பாடு முடித்துவிட்டுத்தான் போவோம். போகும் முன் கைபேசியில் சார்ஜ் பாருங்கள். பாதி வழியில் அணைந்தால் சிவந்த பாறைகள் விழும் அந்தக் காற்றை முதலிலிருந்து ஏற வேண்டியிருக்கும்.