உங்கள் வீட்டில் நரம்பு வலி யாரைத் தேடி வரும்? பார்த்துவைக்கும் முறை

இரவு படுத்த பிறகு வீட்டில் யாராவது பாதத்தைப் பாயில் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ, ஈரத் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு விளக்கை அணைத்தாலோ, வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பகலில் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது தெரியாத எரிச்சல், உடம்பு ஓய்ந்ததும் தலை தூக்குகிறது. நரம்பு வலியின் அடையாளங்களில் அது ஒன்று.

நான் இந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கடலூர் முதுநகரில் இருக்கிறேன். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது வந்து, “சிஸ்டர், நரம்புக்கு ஒரு நல்ல மாத்திரை சொல்லுங்கள்” என்பார்கள். மாத்திரை சொல்வது மருத்துவர் வேலை. நான் செருப்பைக் கழற்றச் சொல்வேன். திண்ணையில் நான் செய்வதை நீங்களும் வீட்டில் செய்யலாம். படித்தவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. எட்டாம் வகுப்புப் பேத்தி போதும்.

முதலில், இது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்ப்போம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், பெரியவர்களில் நூற்றுக்கு 7 முதல் 10 பேருக்கு நரம்பிலிருந்து எழும் நாள்பட்ட வலி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிரான்சில் 2008-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் இது 6.9 சதவீதம். அந்த எண்ணைவிட அதன் கீழே இருந்த விவரம்தான் என்னை நிறுத்தியது: 50 முதல் 64 வயதுக்காரர்கள், உடலுழைப்பில் இருப்பவர்கள், கிராமத்தில் வாழ்பவர்கள் ஆகியோரிடம் இந்த வலி கூடுதலாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் அவர்கள் ஊரில் எடுத்த கணக்கு நம் பாகூர் வயல்வெளிக்கு அப்படியே பொருந்துகிறது.

நம் பக்கத்தில் இதற்கு மேல் சர்க்கரை நோயும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்திய அளவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா மட்டுமே புதுச்சேரியை ஒரு மயிரிழையில் முந்தியது. சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நரம்பு கெடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுக்கு ஒருவரையாவது சோதிக்கச் சொல்வது மிகையாகத் தெரியாது.

இனி வேலையைத் தொடங்கலாம். வலிக்கிறது என்பவரிடம் ஏழு கேள்வி கேளுங்கள். வலி எரிகிறதா? பனிக்கட்டியை வைத்ததுபோலக் குளிர்ந்து வலிக்கிறதா? கரண்ட் அடித்ததுபோலச் சுள்ளென்று பாய்கிறதா? அதே இடத்தில் எறும்பு ஊர்கிறதா? ஊசி குத்துகிறதா? மரத்துப்போகிறதா? அரிக்கிறதா? இவற்றில் மூன்றுக்காவது ‘ஆமாம்’ வந்தால் நரம்பு வலியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மருத்துவர்களும் இந்த ஏழைத்தான் கேட்கிறார்கள். இதுவும் பிரான்சில் வகுத்த பட்டியல்தான். கேட்கும்போது நீங்களே சொல் எடுத்துக்கொடுத்துத் தலையாட்ட வைக்காதீர்கள். “எப்படி வலிக்கிறது?” என்று முதலில் அவரையே பேச விடுங்கள். எங்கள் தெருவில் ‘குடைச்சல்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மூட்டு வலிக்காரர் நடந்தால் வலி என்பார், உட்கார்ந்தால் தேவலை என்பார். நரம்பு வலிக்காரர் போர்வை பட்டால்கூட எரிகிறது என்பார்.

வலிக்கிறது என்று சொல்பவராவது மருத்துவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார். எனக்குக் கவலை, கேட்டால் “ஒன்றும் இல்லையே” என்பவரைப் பற்றித்தான். நரம்பு கெடும்போது சிலருக்கு வலி வரும். பலருக்கு உணர்ச்சி மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். சித்திரை வெயிலில் பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தை வெறுங்காலில் சுற்றிவிட்டு, வீட்டில் பேரப்பிள்ளை சொல்லித்தான் பாதத்தில் கொப்புளம் இருப்பதையே பார்ப்பார்கள். அதனால் சர்க்கரை உள்ளவர் ஒவ்வொருவருக்கும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கால்விரல் சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை இது. கருவி எதுவும் வேண்டாம்.

அவரைக் கால் நீட்டிப் படுக்கவையுங்கள். ‘இது வலது, இது இடது’ என்று காலைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால்விரல் நுனியை மெல்லத் தொட்டு, ஓரிரு நொடி வைத்து எடுங்கள். முதலில் வலது பெருவிரல், பிறகு வலது சுண்டுவிரல். அடுத்து இடது பெருவிரல், இடது சுண்டுவிரல். கடைசியாக வலது நடுவிரல், இடது நடுவிரல். தொட்டது தெரிந்ததும் அவர் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, கிள்ளக் கூடாது. பதில் வராவிட்டால் அதே விரலை மறுபடி தொடக் கூடாது. தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள். “தெரிகிறதா?” என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று தெரியாததற்கும் ‘ம்’ போடுவார்கள். மாமனாரைச் சோதிக்கும் மருமகளுக்கு இது இன்னும் சிக்கல். மகனோ பேரனோ தொடட்டும்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. கடற்கரை மணலில் வெறுங்காலில் நடந்து தோல் தடித்தவர்களுக்கு விடை குழம்பலாம். எப்படியிருந்தாலும் மருத்துவமனையில், தொடுதலைப் பார்க்கும் பத்து கிராம் நைலான் இழையாலும் அதிர்வைப் பார்க்கும் இசைக்கவையாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லா விரலும் சரியாகத் தெரிந்தாலும், சர்க்கரை உள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் காலைக் காட்ட வேண்டும்.

ஏன் கால்விரலில் தொடங்குகிறது என்று கேட்பார்கள். உடம்பிலேயே நீளமான நரம்புகள் இடுப்பிலிருந்து பாதத்துக்குப் போகின்றன. தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தான் முதலில் காய்கிறது. அதேபோல நீளமான நரம்பின் நுனி முதலில் கெடுகிறது. இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மரத்து, மெல்ல மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் நேரத்தில் கைவிரலிலும் தொடங்கும். ஒரே காலில் மட்டும் இடுப்பிலிருந்து பின்தொடை வழியாக மின்னல்போல இறங்கினால் அது பெரும்பாலும் முதுகெலும்பில் நரம்பு அழுந்துவதால் வருவது. அதற்கு வைத்தியமும் வேறு.

சர்க்கரைக்கு அடுத்தபடி நான் பயப்படுவது அக்கிக்கு. சிறு வயதில் சின்னம்மை கண்டவர் உடம்பில் அந்த வைரஸ் நரம்பு வேரில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். ஐம்பது வயதுக்கு மேலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ எழுந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடும். சில நேரம் கொப்புளத்துக்கு முன்பே அந்த இடம் எரியும். நம் பக்கத்தில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் வைரஸுக்கு எதிரான மாத்திரையைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். எழுதப் போகும் வழியில் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கும் ஆபத்து; அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். அக்கி ஆறியவர்களில் பத்தில் ஒருவர், இருவருக்கு அதே இடத்தில் எரிச்சல் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. வயது கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. ஐம்பது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி உண்டு, விலைதான் கையைச் சுடும்.

நரம்பு கெடும் வாய்ப்புள்ள மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டித் தாண்டிக் குடிப்பவர்: மது நரம்பைக் கெடுக்கும், கூடவே சோற்றையும் குறைத்து பி1 சத்தைப் பறிக்கும். மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத சுத்த சைவர், சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்பார்மின் மாத்திரை விழுங்குபவர்: பி12 குறையலாம், இரத்தப் பரிசோதனையில் தெரியும், சரி செய்யவும் முடியும். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்: கூடக் கொடுக்கும் பி6 மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. புற்றுநோய்க்குச் சில வகை மருந்து ஏற்றிக்கொண்டவர். சிறுநீரகம் கெட்டவர். தைராய்டு குறைந்தவர். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்கள், இறால் உரிக்கும் பெண்கள், கர்ப்பிணிகள்: நடு இரவில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, கையை உதறினால் தேவலை என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது.

தொழுநோயை மறந்துவிட்டோம், அது நம்மை மறக்கவில்லை. தோலில் வெளிறிய அல்லது செந்நிறத் தேமல் இருந்து, அந்த இடத்தில் தொடுதல் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று மறைத்துத்தான் விரல்களை இழக்கிறார்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஏழு கேள்விகளின் பதில், ஆறு விரல் கணக்கு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஊர் மருத்துவர் பெரிய இடத்துக்கு அனுப்பினால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, விடியற்காலையில் கிளம்புங்கள்.

மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண வலி மாத்திரை இந்த வலியை அவ்வளவாகத் தொடாது. டைக்ளோபினாக்கைத் தினமும் விழுங்கினால், ஏற்கெனவே சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகத்தைத்தான் அது பதம் பார்க்கும். நரம்பு வலிக்குத் தருபவை அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், பிரிகாபாலின், காபாபென்டின் போன்றவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதலில் தூக்கமும் தலைச்சுற்றலும்தான் தெரியும். “இரண்டு நாள் போட்டேன், கேட்கவில்லை” என்று நிறுத்துகிறவர்கள்தான் அடுத்து பஸ் நிலையச் சுவரொட்டியில் இருக்கும் நரம்பு வைத்தியரைத் தேடிப் போகிறார்கள். பிரிகாபாலினை எடுத்துக்கொண்டு இரவில் படகிலோ வண்டியிலோ போகும் வேலை உள்ளவர், அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

உணர்ச்சி குறைந்த காலைப் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்டாருடையது. தினமும் இரவு விரலிடுக்கு உட்படப் பாதத்தைப் பாருங்கள். தானே பார்க்க முடியாதவருக்குத் தரையில் கண்ணாடி வைத்தால் போதும். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு எவ்வளவு என்று அந்தக் காலுக்குத் தெரியாது. எரிச்சலுக்கு மருதாணி பூசுவார்கள். அதன் சிவப்பு புண்ணின் சிவப்பை மறைத்துவிடும். செருப்புப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர் செருப்பு அழகாக இருக்காது, ஆனால் மென்மையானது. பின்வார் உள்ளதாக வாங்குங்கள். தேர் பார்க்க வீராம்பட்டினம் போகிறவர் தார்ச்சாலையில் செருப்போடு நடக்கட்டும். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய்வரலாம். பிரகாரத்தில் காலுறை போட்டுக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்தச் சோதனையெல்லாம் செய்துகொண்டு உட்காராதீர்கள். முகமோ ஒரு பக்கக் கைகாலோ திடீரென்று மரத்தாலோ தளர்ந்தாலோ, இரண்டு காலிலும் பலம் குறைந்து சில நாளில் மேலே ஏறினாலோ, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போய்த் தொடையிடுக்கு மரத்தாலோ, கால் புண் கறுத்துக் காய்ச்சல் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.