விசைப்படகில் டீசல் மிச்சம் பிடிக்க

நாகை, அக்கரைப்பேட்டை, பழையாறு பக்கம் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு: டீசலும் புகையும் குறைய வேண்டும் என்றால் முதலில் ஆக்சிலேட்டரைக் குறையுங்கள். டேங்கில் ஊற்றச் சொல்லி விற்கிற மருந்தெல்லாம் அப்புறம்தான்.

வேகம் கூடக்கூட இன்ஜினுக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 40 கடல் மைல் தள்ளியிருந்து 9 நாட் (மணிக்கு 9 கடல் மைல்) வேகத்தில் திரும்பினால் சுமார் 4 மணி 27 நிமிடம், 8 நாட்டில் வந்தால் 5 மணி நேரம். அரை மணி கூடுதலாகிறது, ஆனால் அந்தத் தூரத்துக்கு ஆகும் டீசலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவும் காற்றில் கலக்காது. பெரிய சரக்குக் கப்பல்களும் எரிபொருள் செலவைக் குறைக்க இதைத்தான் செய்கின்றன. ஏலத்துக்கு முந்த வேண்டுமே என்பீர்கள், நியாயம்தான், மீன் விலை போய்விட்டால் டீசல் மிஞ்சி என்ன பயன்? அதனால் கடைசி வலையை அரை மணி முன்னதாக ஏற்றிவிடுங்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காமல் சீக்கிரம் கரை சேருங்கள். தண்ணீர் மேல் எழும்பி ஓடும் பைபர் படகுக்குக் கணக்கு வேறு.

அடுத்தது படகின் அடிப்பாகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படியும் படகைக் கரையேற்றுவீர்கள். அடியில் ஒட்டி வளரும் கொட்டலசையும் (சிப்பி போன்ற ஓட்டு உயிரி) பாசியையும் வெறுமனே தட்டிவிட்டு மேலே பெயின்ட் அடித்தால் சீக்கிரமே உரிந்துவிடும். அடிவரை சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, பாசி பிடிக்காத பெயின்ட்டை அடியுங்கள். புரொப்பல்லர் இதழ்களின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், நெளிவோ வெட்டோ தட்டுப்பட்டால் அப்படியே கடலில் இறக்காதீர்கள், அது ஓடுகிற ஒவ்வொரு மணியும் டீசலைத் தின்னும்.

கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் நாசில் இரண்டையும் பாருங்கள்.

நீரோட்டத்தையும் விடாதீர்கள். நம் கடலில் மார்ச், ஏப்ரலில் பொதுவாக வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. வடக்கே ஓடும்போது, படகு காலியாக இருக்கையிலேயே தெற்கே போய்விட்டால், மீனோடு திரும்பும்போது ஓட்டமே தள்ளிவிடும்.

இழுவலைப் படகில் வலை இழுக்கும்போதுதான் நிறைய டீசல் போகிறது. நூல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருந்தால் இழுவை குறையும்.

ஒவ்வொரு முறையும் புறப்படும் முன்னும் வந்த பின்னும் டேங்கில் குச்சி விட்டு அளந்து, ஓடிய மணியோடு நோட்டில் எழுதுங்கள், எதைச் செய்ததால் எவ்வளவு குறைந்தது என்று அதிலேயே தெரியும்.