குயர் மக்களோட சமூக மூலதனத்தை அளக்கணும்னா என்ன கேக்கணும்

சமூக மூலதனம்னா தெரிஞ்சவங்க மூலமா கிடைக்கிற உதவியும் வாய்ப்பும். குயர் மக்கள்னா பாலினத்துலயோ பாலியல் ஈர்ப்புலயோ பெரும்பான்மையில இருந்து வேறுபட்டவங்க, இவங்ககிட்ட சர்வே எடுக்கும்போது எத்தனை ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னு எண்ணி, அந்த நம்பரையே சமூக மூலதனம்னு எழுதிடாதீங்க. ஒரு கஷ்டம்னா யார்கிட்ட இருந்து என்ன கிடைக்கும், அதை வாங்க இவங்க தன்னைப் பத்தி எதை மறைக்க வேண்டியிருக்கு, இந்த ரெண்டையும் சேத்து கேட்டாதான் உருப்படியா ஏதாவது தெரியவரும்.

பெயர் கேக்குறதுல ஆரம்பிங்க, நேம் ஜெனரேட்டர்னு சொல்லுவாங்க. 1985ல அமெரிக்காவோட ஜெனரல் சோஷியல் சர்வேல, போன ஆறு மாசத்துல முக்கியமான விஷயங்களை யார்கிட்ட பேசினீங்கன்னு கேட்டாங்க, நல்ல கேள்விதான், ஆனா அது மட்டும் போதாது ஏன்னா நெருக்கமானவங்க பேர் மட்டும்தான் வரும். வீட்டை விட்டு போகச் சொன்னா யார் வீட்டுக்கு போவீங்க, ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவாங்க, அவசரத்துக்கு யார் பணம் தருவாங்க, இதையும் கேளுங்க. குடும்பம்னா யாருன்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, அவங்களே சொல்லட்டும், ரத்த உறவு இல்லாதவங்கதான் நிறைய பேருக்கு குடும்பமா இருக்காங்க.

ஒவ்வொரு பேருக்கும் இவர் குயர்னு அந்த ஆளுக்கு தெரியுமா, தெரியாதா, தெரிஞ்சும் பேசிக்கிறதில்லையான்னு குறிச்சுக்கோங்க. அந்த ஆள் மனசு நோகடிக்கிறாரான்னும் கேளுங்க, காசும் குடுத்து கேவலமாவும் பேசுற உறவை வெறும் உதவின்னு கணக்குல போட்டா தப்பா போயிடும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. Nan Lin (நான் லின்), மேரி டூமின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1986ல கொண்டுவந்த பொசிஷன் ஜெனரேட்டர்ல டாக்டர், வக்கீல், டீச்சர்னு வேலைப் பட்டியல் குடுத்து யாரையாவது தெரியுமான்னு கேப்பாங்க. நீங்க பக்கத்துல இன்னொரு கட்டம் போட்டு, உங்களைப் பத்தி மறைக்காம இவர்கிட்ட போக முடியுமான்னு கேளுங்க. உதாரணத்துக்கு ஒருத்தருக்கு 15ல 11 தெரியும், மறைக்காம போக முடியறது 3தான்னு வெச்சுக்கோங்க, பழைய முறைல இவர் வசதியான ஆளா தெரிவாரு, நிஜத்துல அந்த 8 பேரும் கைக்கு எட்டாத தூரத்துல இருக்காங்க.

அப்புறம் டென்சிட்டி, அதாவது இவர் சொன்ன ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காங்கங்கிற அளவு. 6 பேர் இருந்தா அவங்களுக்குள்ள 15 ஜோடி வரலாம், அதுல 6 ஜோடிக்கு பழக்கம்னா 6ஐ 15ஆல வகுத்தா 0.4. வழக்கமா ரெண்டு குரூப்புக்கு நடுவுல நிக்கிறவருக்கு லாபம்னு படிச்சிருப்போம், ஆனா இங்க ஒருத்தர் வீட்டாளுங்களையும் குயர் ஃப்ரெண்ட்ஸையும் விஷயம் வெளிய போயிடக்கூடாதுன்னே பிரிச்சு வெச்சிருக்கலாம், அது லாபம் இல்ல, தினமும் சுமக்கிற பாரம். அதனால வேணும்னே பிரிச்சு வெச்சிருக்கீங்களான்னு நேராவே கேட்டுடுங்க.

ஆளுங்களை தேட ரெஸ்பாண்டன்ட் டிரிவன் சாம்ப்ளிங், 1997ல சமூகவியலாளர் ஹெக்கத்தார்ன் எழுதின முறை இருக்கு, பேசினவங்க கூப்பன் குடுத்து அடுத்தவங்களை அனுப்புவாங்க. ஆனா யாரையுமே தெரியாம தனியா இருக்கிறவங்க கைக்கு அந்த கூப்பன் போகவே போகாது, அப்படி விட்டுட்டா மொத்த அளவே கூடுதலா காட்டும், ஆன்லைன் மூலமாவும் கிளினிக் மூலமாவும் தனியா தேடியே ஆகணும்.

இன்னொன்னு, இவங்க சொல்ற ஆளுங்க யாரும் உங்ககிட்ட சம்மதம் குடுக்கல. முழுப்பேர் வேண்டாம், பட்டப்பேர் போதும், ஊர், வேலை, வயசு மூணையும் சேத்து எங்கயும் வெளியிடாதீங்க. பேட்டி எடுக்கும்போது பார்ட்னரோ வீட்டாளுங்களோ பக்கத்துல இருந்தா அன்னைக்கு நிறுத்திட்டு வேற நாள் வாங்க.