சோவியத் ரூபிள் தாள்களைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு

முதலில் 1961 வரிசையின் 1, 3, 5 ரூபிள் தாள்களை வாங்குங்கள். பெருமளவில் அச்சானவை என்பதால் விலை குறைவு, அடுத்து வாங்குபவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். பச்சை நிற 3 ரூபிளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நட்சத்திர நீரோட்டக் குறி தெரியும். மதிப்பு 15 குடியரசுகளின் மொழிகளிலும் அச்சாகியிருக்கும்.

1991 ஜனவரியில் பழைய 50, 100 ரூபிள் தாள்களை மாற்றிக்கொள்ள அரசு மூன்றே நாள் அவகாசம் அளித்தது. 2016 நவம்பரில் மதுரை வங்கி வாசல்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தப் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அந்த இரண்டையும் அவற்றுக்குப் பதிலாக வந்த 1991 வரிசைத் தாள்களுக்கு அருகில் வைப்பதே பொருத்தம்.

மடிப்பை நீக்க இஸ்திரி போடுவதும், அழுக்கைக் கழுவுவதும் கூடவே கூடாது. மலிவான பி.வி.சி. உறை, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு 25 ரூபிளை அப்படித்தான் இழந்தேன். பாலியெஸ்டர் உறையிலிட்டு, சுவரை ஒட்டாத பீரோவில் வையுங்கள். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அந்துருண்டையை மட்டும் அருகில் வைக்காதீர்கள்.