தனியா பிள்ளைங்கள வச்சுகிட்டு வீடு மாறுறீங்களா, இத பாத்துட்டு பெட்டி கட்டுங்க

மொத வேலை பேப்பர் தான். பிறப்பு சர்டிபிகேட், தடுப்பூசி கார்டு, ஸ்கூல் ரெக்கார்ட், கஸ்டடி ஆர்டர் (பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு கோர்ட் போட்டது) இருந்தா அதோட காப்பி எல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு கைப்பையிலயே வச்சுக்கோங்க, லாரில ஏத்திடாதீங்க. வேற நாட்டுக்குன்னா பிள்ளையோட அப்பா சம்மதத்த எழுத்துல வாங்கிடுங்க, ஏன்னா அவருக்கும் கஸ்டடி உரிமை இருந்து கேக்காம கூட்டிட்டு போனா 1980 ஹேக் உடன்படிக்கைல (பிள்ளைய உரிமை மீறி வேற நாட்டுக்கு கூட்டிட்டு போறத பத்தி நாடுகள் போட்ட ஒப்பந்தம்) இருக்குற நாடுகளுக்குள்ள பிள்ளைய திருப்பி அனுப்ப சொல்லி கோர்ட் ஆர்டர் போடலாம், வக்கீல்ட்ட பேசிட்டு டிக்கெட் போடுங்க.

சாமி சாமான கடைசியா கட்டி முதல்ல பிரிக்கணும், எந்த மதமா இருந்தாலும் சரி. அதுக்குன்னு ஒரு சின்ன டப்பா, மேல பிள்ளையவே எழுத சொல்லுங்க, எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும். வீடு பூரா அட்டைப்பெட்டியா கெடந்தாலும் படுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் சேர்ந்து கும்பிடுறத மட்டும் விடாதீங்க. "சாமியும் நம்மகூட வருமா"ன்னு கேக்கும், வரும்னு சொல்லிட்டு போங்க, விளக்கமெல்லாம் வேணாம்.

அப்புறம் கும்பிடுற எடத்துல பழக்கமானவங்கட்ட "சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் பிள்ளைய பாத்துக்குறீங்களா"ன்னு நேரடியா கேளுங்க, சும்மா ஹெல்ப் வேணும்னா யாரும் வரமாட்டாங்க.